கம்ப்யூட்டரை உங்கள் இஷ்டப்படி மாற்றலாம்!

புது வீட்டுக்குக் குடிபோகிறோம். பால் காய்ச்சி முடிந்ததும் என்ன செய்கிறோம்?

அரிசி டின்னை எங்கே வைப்பது, காலண்டரை எந்தச் சுவரில் மாட்டுவது, பாட்டிக்கு எந்த மூலையில் கட்டில் போடுவது என்று பார்க்கிறோம். வீட்டைக் கட்டியவர் யாரோ. ஆனால், ஆணி அடிப்பது நாம்!

கம்ப்யூட்டர் விஷயத்தில் மட்டும் பலருக்கு இந்தத் தைரியம் வருவது இல்லை. கடைக்காரர் எப்படிக் கொடுத்தாரோ, அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். எழுத்து சிறியதாக இருந்தால் கண்ணை இடுக்கிக்கொண்டு படிக்கிறார்கள். தமிழில் அடிக்க வழி தெரியாமல், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடிக்கிறார்கள்.

அப்படிக் கஷ்டப்பட வேண்டியது இல்லை. "லினக்ஸ்" போட்ட கம்ப்யூட்டரில் ஏறக்குறைய எதையும் நம் இஷ்டத்துக்கு மாற்றலாம். எப்படி என்று பார்ப்போம்.

லினக்ஸ் என்றால் என்ன?

மின்சாரம் கொடுத்தால் மட்டும் கம்ப்யூட்டர் வேலை செய்யாது. நாம் தட்டுவதைத் திரையில் காட்ட வேண்டும். படத்தைச் சேமிக்க வேண்டும். அச்சு எடுக்க வேண்டும். இத்தனை வேலையையும் வாங்க, உள்ளே ஒரு மேஸ்திரி தேவை.

பெரும்பாலான வீடுகளில் அந்த மேஸ்திரியின் பெயர் விண்டோஸ். அமெரிக்காவில் உள்ள மைக்ரோசாப்ட் கம்பெனி செய்தது. லினக்ஸ் இன்னொரு மேஸ்திரி. இவருக்குக் கூலி கிடையாது!

பின்லாந்து நாட்டில் ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர், 1991-ம் ஆண்டு ஆகஸ்டு 25-ந் தேதி இதைப் பற்றி அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 21. பொழுதுபோக்காகத் தொடங்கிய வேலை அது. பிறகு பல நாட்டுக்காரர்களும் அதில் சேர்ந்துகொண்டார்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், அடுத்தவருக்கும் கொடுக்கலாம்.

"எனக்கும் லினக்சுக்கும் சம்பந்தம் இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். உங்கள் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போனா? அதன் உள்ளே ஓடுவது லினக்ஸ்தான்.

இப்போது எதற்கு இந்தப் பேச்சு?

காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10 என்ற பதிப்புக்கு மைக்ரோசாப்ட் வழக்கமாகக் கொடுத்து வந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்கள், 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றன. அதற்குப் பிறகும் வேண்டும் என்று பதிவு செய்துகொண்ட வீட்டு உபயோகக்காரர்களுக்கு 2026 அக்டோபர் வரை சலுகை. அவ்வளவுதான்.

விண்டோஸ் 11-க்கு மாறலாமே என்றால், பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றை அது ஏற்றுக்கொள்வது இல்லை. "டி.பி.எம். 2.0" என்ற பாதுகாப்பு உறுப்பு இருக்க வேண்டும் என்கிறது. சுமார் 2018-க்கு முன் வாங்கிய கம்ப்யூட்டர் பலவற்றுக்குக் கதவு அடைப்புதான்.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் சாமானைப் பழைய இரும்புக்குப் போடுவதா? பணம் போட்டுப் புதிது வாங்குவதா? லினக்ஸ் போட்டுப் பார்ப்பதா? இந்தக் கேள்வி இப்போது பல வீடுகளுக்கு வந்திருக்கிறது.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு லினக்ஸ் முற்றிலும் புதிது அல்ல. 2011 முதல் மாணவர்களுக்கு அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில், விண்டோசுடன் "பாஸ்" என்ற லினக்சும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் தயாரித்தது அது. ஆனால், அதைத் திறந்து பார்த்தவர்களைவிடத் திறக்காமல் விட்டவர்களே அதிகம் என்று தோன்றுகிறது.

எல்லோருக்கும் பொருந்துமா?

பொருந்தாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கடைக் கணக்கை "டாலி"யில் எழுதுகிறவர், போட்டோஷாப்பில் படம் திருத்திப் பிழைக்கிறவர் இவர்கள் அவசரப்படக் கூடாது. அந்த இரண்டும் லினக்சுக்கு என்று செய்தவை அல்ல. லினக்சில் நேராக ஓடாது. கடிதம், கணக்குப் பட்டியல், இன்டர்நெட், பாட்டு, படம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்குக் குறை இருக்காது. கடிதத்துக்கும் கணக்குக்கும் "லிப்ரே ஆபீஸ்" என்ற இலவசத் தொகுப்பு கூடவே வருகிறது.

லினக்சில் பல வகை உண்டு. புதியவர்களுக்கு நான் சொல்வது "லினக்ஸ் மின்ட்". மின்ட் என்றால் புதினா! அயர்லாந்தில் வசிக்கும் கிளெமென்ட் லெபெவ்ர் என்பவர் 2006-ல் தொடங்கியது. 2 ஜி.பி. நினைவாற்றல் இருந்தால் ஓடும், 4 ஜி.பி. இருந்தால் சௌகரியம். இதன் 22-ம் வரிசைக்கு 2029 வரை திருத்தங்கள் வரும்.

இதில் ஒரு நல்ல வசதி உண்டு. ஒரு பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கம்ப்யூட்டரை ஓட்டிப் பார்க்கலாம். உள்ளே எதையும் தொடாது. வைபை வருகிறதா, ஒலி கேட்கிறதா, பிரிண்டர் பேசுகிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம். பென் டிரைவில் கொஞ்சம் மெதுவாகத்தான் ஓடும். அதற்காகப் பயப்பட வேண்டாம்.

எச்சரிக்கை!

மின்ட்டைக் கம்ப்யூட்டரில் நிரந்தரமாகப் போடும்போது, "பழையதை அழித்துவிட்டுப் போடவா?" என்று ஒரு கேள்வி வரும். "சரி" என்று தட்டிவிட்டால், அதில் இருந்தது அத்தனையும் போய்விடும். மகள் கல்யாணப் போட்டோ, இறந்துபோன தாத்தாவின் குரல், பத்திர நகல் எதுவும் மிஞ்சாது.

ஆகவே, முதல் நாளே எல்லாவற்றையும் வேறு ஒரு டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். எடுத்ததோடு விடாமல், அதை இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டி, படங்கள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

அழகுக்கு முன்பு மூன்று வேலை

மின்ட் போட்டாகிவிட்டது. "வெல்கம்" என்று ஒரு சாளரம் திறக்கிறது. அதில் "முதல் படிகள்" என்ற பொருளில் ஒரு பகுதி இருக்கும். பிள்ளைகள் உடனே நிறத்தை மாற்றப் போவார்கள். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

முதல் வேலை, "அப்டேட் மேனேஜர்". பென் டிரைவில் வந்த மின்ட் சில மாதங்களுக்கு முன் தயாரானதாக இருக்கலாம். அதற்குப் பிறகு வந்த திருத்தங்களை இது கொண்டு வரும்.

அடுத்தது, "டிரைவர் மேனேஜர்". சில வைபை உறுப்புகளுக்கும் சில திரை அட்டைகளுக்கும் தனி இயக்கு நிரல் தேவைப்படும். தேவையா இல்லையா என்று அதுவே பார்த்துச் சொல்லும்.

மூன்றாவதுதான் மிகவும் முக்கியம். அதன் பெயர் "டைம்ஷிப்ட்". இன்றைக்குக் கம்ப்யூட்டர் எந்த நிலையில் இருக்கிறதோ, அந்த நிலையை அப்படியே ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். நாளைக்கு எதையாவது மாற்றப் போய்க் கம்ப்யூட்டர் படுத்துவிட்டால், பழைய நிலைக்குத் திருப்பலாம். வாரம் ஒரு முறை தானாக எடுக்கும்படியும் சொல்லி வைக்கலாம்.

ஆனால், ஒன்றை மறக்கக் கூடாது. டைம்ஷிப்ட் காப்பது கம்ப்யூட்டரின் ஏற்பாட்டை. உங்கள் போட்டோக்களையும் கடிதங்களையும், நாமாகச் சொன்னால் ஒழிய, அது நகல் எடுப்பது இல்லை. அதற்கு வேறு டிஸ்க்தான் வழி.

இந்த மூன்றும் முடிந்தபிறகு தைரியமாக ஆணி அடிக்கலாம்!

ஆளுக்கு ஓர் அறை

ஒரு வீட்டில் பாட்டி, அப்பா, அம்மா, கல்லூரிக்குப் போகும் பேத்தி ஆகிய நான்கு பேர் என்று வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் ஒன்றுதான். பேத்திக்குக் கறுப்புத் திரை பிடிக்கும். பாட்டிக்கு அதைப் பார்த்தாலே தலை சுற்றும். என்ன செய்வது?

"சிஸ்டம் செட்டிங்ஸ்" என்பதைத் திறந்து, "யூசர்ஸ்" என்ற இடத்தில் நான்கு பெயர்களையும் சேர்த்துவிடுங்கள். ஆளுக்கு ஒரு பெயர், ஆளுக்கு ஒரு ரகசியச் சொல். பாட்டி தன் பெயரைத் தொட்டு உள்ளே போனால் பாட்டியின் திரை வரும். பேத்தி போனால் பேத்தியின் திரை. ஒருவர் செய்த அலங்காரம் இன்னொருவரைத் தொந்தரவு செய்யாது.

நான்கு பேரில் பொறுப்பானவர் ஒருவருக்கு மட்டும் நிர்வாக உரிமை கொடுத்தால் போதும். மற்றவர்கள் எதைத் தட்டினாலும் கம்ப்யூட்டரின் அஸ்திவாரம் அசையாது.

பாட்டிக்கு என்ன செய்யலாம்?

"என்னடி இது, எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊறுது?" என்கிறார் பாட்டி.

"பான்ட்ஸ்" என்ற இடத்துக்குப் போங்கள். எழுத்தைப் பெரிதாக்கும் எண் ஒன்று இருக்கும். அது 1.0 என்று இருக்கும். 1.3 அல்லது 1.4 ஆக்கிப் பாருங்கள். பட்டியல், பொத்தான், கோப்பின் பெயர் எல்லாம் பெரிதாகிவிடும். கண் மிகவும் மங்கியவர்களுக்குத் திரையையே பூதக்கண்ணாடி போலப் பெரிதாக்கிக் காட்டும் வசதியும் உண்டு.

மவுஸ் அம்புக்குறி எங்கே போயிற்று என்று வயதானவர்கள் தேடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதையும் பெரிதாக்கலாம். இரண்டு முறை வேகமாகத் தட்டுவதுதான் அவர்களுக்குப் பெரிய கஷ்டம். ஒரு தட்டிலேயே கோப்பு திறக்கும்படி செய்யலாம். இடக்கைப் பழக்கம் உள்ளவருக்கு மவுசின் இரண்டு பொத்தான்களையும் இடம் மாற்றிக் கொடுக்கலாம். ராத்திரி வெளிச்சம் கண்ணைக் கூசாமல் மஞ்சளாக மாறும் ஏற்பாடு, 2025 ஜனவரியில் வந்த 22.1 பதிப்பிலிருந்து கூடவே இருக்கிறது.

திரையில் மூன்று படக்குறி போதும். பேரனுடன் பேச ஒன்று. பாட்டுக் கேட்க ஒன்று. பேப்பர் படிக்க ஒன்று. மற்றதை எல்லாம் எடுத்துவிடுங்கள். அலங்காரம் என்றால் சேர்ப்பது மட்டும் அல்ல, எடுப்பதும்தான்.

பேத்தியின் இஷ்டம்

திரையின் அடியில் ஒரு நீளமான பட்டை இருக்கும். அதற்குப் "பேனல்" என்று பெயர். அதை மேலே வைக்கலாம். பக்கவாட்டில் வைக்கலாம். உயரத்தைக் கூட்டலாம். கண்ணில் படாமல் மறைந்திருந்து, அம்புக்குறி பக்கத்தில் போனால் மட்டும் வெளியே வரும்படியும் செய்யலாம்.

திறந்திருக்கும் வேலைகளைப் பேனலில் வெறும் படமாகக் காட்டுவது ஒரு முறை. பெயரோடு காட்டுவது இன்னொரு முறை. பழைய விண்டோசில் பழகியவர்களுக்குப் பெயரோடு காட்டுவதுதான் சௌகரியம் என்பது என் அபிப்பிராயம். வெல்கம் சாளரத்திலேயே இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

பரீட்சைக்குப் படிக்கும் பெண்ணுக்கு இன்னொரு வசதி: ஒரே திரைக்குள் பல திரைகள்! ஒன்றில் பாடம். இன்னொன்றில் பாட்டு. கண்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு பக்கவாட்டு அம்புக்குறி விசையைத் தட்டினால், ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவலாம்.

வானிலை காட்டும் துண்டு, கடிகாரம், குறிப்புச்சீட்டு இப்படிச் சின்னச் சின்ன சேர்க்கைகளும் கிடைக்கும். இவற்றுக்கு "ஸ்பைசஸ்", அதாவது மசாலா என்று பொதுப்பெயர்! மசாலா என்றால் அளவோடு போட வேண்டும் அல்லவா? இவற்றைப் பல பேர் தனித்தனியாக எழுதி அனுப்புகிறார்கள். மின்ட்டின் புதுப் பதிப்பு வரும்போது சில சேர்க்கைகள் ஒத்துவராமல் தகராறு செய்யும். நான்கைந்துக்கு மேல் போடாமல் இருப்பது நல்லது.

மாற்றி மாற்றித் திரை அலங்கோலமாகிவிட்டதா? பேனலில் வலப் பொத்தானைத் தட்டினால் வரும் பட்டியலில், எல்லாவற்றையும் முதல் நாள் நிலைக்குக் கொண்டுவரும் கட்டளை இருக்கிறது. அது அந்த ஒருவரின் திரையை மட்டும்தான் மாற்றும். பாட்டியின் திரை அப்படியே இருக்கும்.

ஒரு கலகத்தின் கதை

மசாலா என்று ஏன் பெயர்? அதற்குப் பின்னால் ஒரு சண்டையே இருக்கிறது.

லினக்சில் திரையின் தோற்றத்தைக் கவனிக்கும் பகுதி தனி. "க்னோம்" என்பது அவற்றில் ஒன்று. 1997-ல் தொடங்கியது. லட்சக்கணக்கானவர்கள் அதில் பழகிவிட்டார்கள்.

2011 ஏப்ரலில் க்னோம் 3 வந்தது. திறந்து பார்த்தவர்கள் திகைத்தார்கள். அடியில் இருந்த வேலைப் பட்டியலைக் காணோம்! சாளரத்தைச் சுருக்கும் பொத்தானைக் காணோம்! "இதுதான் புதுமுறை, பழகிக்கொள்ளுங்கள்" என்பது போல இருந்தது. சொந்த வீட்டில் நாம் ஊருக்குப் போயிருந்த நேரம் பார்த்து யாரோ அடுப்படியை மாற்றிக் கட்டியதைப் போல!

லினக்சைத் தொடங்கிய டோர்வால்ட்சுக்கே பிடிக்கவில்லை. அவர் "எக்ஸ்எப்சிஇ" என்ற வேறு திரைக்கு மாறினார்.

விண்டோசாக இருந்தால் கோபப்படுவதோடு கதை முடிந்திருக்கும். ஆனால், லினக்சில் திருத்தும் உரிமை யாருக்கும் உண்டே! அர்ஜென்டினாக்காரர் ஒருவர் பழைய க்னோமை எடுத்து, "மாட்டே" என்ற பெயரில் உயிரோடு வைத்தார். மாட்டே என்பது தென் அமெரிக்க மக்கள் ஒரு மூலிகை இலையில் தயாரித்துக் குடிக்கும் பானம். மின்ட்காரர்களோ புதிய க்னோமையே எடுத்து, பழைய அமைப்பில் திருத்தி, "சினமன்" என்று பெயர் வைத்தார்கள். சினமன் என்றால் நம் சமையலறைப் பட்டை. அது 2012-ல் மின்ட்டோடு சேர்ந்து வந்தது. பட்டைக்கு வந்த சேர்க்கைகள் மசாலா ஆகிவிட்டன! நாம் மேலே பார்த்த வசதிகள் எல்லாம் இந்தச் சினமனில் உள்ளவை.

டோர்வால்ட்ஸ் என்ன ஆனார்? 2013-ல் க்னோமுக்கே திரும்பிவிட்டார். ஆனால், ஒட்டுத் துணுக்குகளைச் சேர்த்துத் தனக்குப் பிடித்தபடி மாற்றிக்கொண்டுதான் திரும்பினார்.

தமிழில் அடிக்க

"லாங்குவேஜஸ்" என்ற இடத்தில் தமிழைச் சேர்த்துக்கொண்டால் பட்டியல்கள் தமிழில் வரும். இந்த மொழிபெயர்ப்பைச் செய்தவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். அதனால் சில இடங்களில் இங்கிலீஷ் கலந்து வரும். சில தமிழ்ச் சொற்கள் புதிதாகவும் இருக்கும். பாட்டியின் திரைக்குத் தமிழ், பேத்தியின் திரைக்கு இங்கிலீஷ் என்று தனித்தனியாகவும் வைக்கலாம்.

தமிழில் அடிப்பதற்கு, "சாப்ட்வேர் மேனேஜர்" என்ற கிடங்கில் "ஐபஸ்-எம்17என்" என்பதைத் தேடிப் போடுங்கள். "இன்புட் மெத்தட்" என்ற இடத்தில் ஐபசைத் தேர்ந்தெடுங்கள். ஒரு தடவை வெளியே போய் உள்ளே வாருங்கள். பிறகு ஐபஸ் அமைப்பில் தமிழைச் சேர்த்தால் பல விசை முறைகள் கிடைக்கும்.

இங்கிலீஷ் ஒலியை வைத்துத் தமிழ் அடிக்கும் முறையும் அதில் உண்டு. ஆனால், புதிதாகக் கற்பவர்கள் "தமிழ் 99" முறையைக் கற்றுக்கொள்ளலாம். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 விசைகளில் 247 எழுத்துகளும் வந்துவிடும். உயிர் எழுத்துகள் இடக்கைப் பக்கம். மெய் எழுத்துகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம்.

"அம்மா" என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும். ஒரே எழுத்து இரண்டு தரம் வந்தால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். பள்ளிக்கூடத்தில் படித்த உயிர்மெய் இலக்கணமே இங்கே கை வேகமாகிறது. இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி இல்லை.

பழைய "பாமினி" எழுத்தில் அடித்த கடிதங்கள் இருந்தால், திறக்கும்போது வெறும் இங்கிலீஷ் குப்பையாகத் தெரியும். அந்த எழுத்துருக் கோப்பு உங்களிடம் இருந்தால் அதைத் திறந்து, "இன்ஸ்டால்" என்ற பொத்தானைத் தட்டுங்கள். கடிதம் மறுபடியும் தமிழாகிவிடும்.

எல்லாம் எங்கே இருக்கிறது?

இவ்வளவு மாற்றங்களையும் கம்ப்யூட்டர் எங்கே எழுதி வைக்கிறது? அவரவர் அறையில்தான். கோப்புகளைக் காட்டும் சாளரத்தில், கண்ட்ரோல் விசையோடு ஹெச் விசையைத் தட்டுங்கள். இதுவரை கண்ணில் படாத பெயர்கள் வெளியே வரும். எல்லாம் புள்ளியில் தொடங்கும் பெயர்கள்.

புள்ளி வைத்தால் ஏன் மறைகிறது? லினக்சுக்கு முன்னோடியான யூனிக்சில், பட்டியல் காட்டும் நிரலை எழுதியபோது நேர்ந்த ஒரு குறுக்குவழியின் விளைவு அது என்று, பெல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ராப் பைக் எழுதியிருக்கிறார். இரண்டு பெயர்களை மட்டும் மறைக்க நினைத்து, புள்ளியில் தொடங்கும் எல்லாப் பெயர்களையும் மறைத்துவிட்டார்களாம்! அந்தத் தவறே பிறகு வழக்கமாகிவிட்டது.

நாளைக்கு வேறு கம்ப்யூட்டர் வாங்கி, அதிலும் மின்ட் போடுகிறீர்களா? புள்ளி வைத்த கோப்புகளோடு சேர்த்து உங்கள் அறையை அப்படியே நகல் எடுத்துக் கொண்டுபோங்கள். பாட்டியின் பெரிய எழுத்தும் கூடவே வந்துவிடும்.

கடைசியாகத் திரையின் பின்னணிப் படம். வெற்றிடத்தில் வலப் பொத்தானைத் தட்டினால் அதை மாற்றும் வழி தெரியும். ஒரே படம்தான் வேண்டும் என்பது இல்லை. வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்தோமே, அந்தக் குடும்பப் போட்டோக்களைப் படங்களின் அறையில் போடுங்கள். அந்த இடத்தைக் காட்டிவிட்டால், கால் மணி நேரத்துக்கு ஒரு படமாகத் தானே மாறிக்கொண்டிருக்கும்.